கடலடியில் கரியமில வாயு: காவல் காக்கும் கம்ப்யூட்டர்

நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயல் வட கடலில் உள்ளது. அங்கு எரிவாயுவுடன் கலந்து வரும் கரியமில வாயுவைக் காற்றில் விட்டால் வரி கட்ட வேண்டும். எனவே அதைப் பிரித்தெடுத்து, 1996 முதல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 மீட்டர் ஆழத்திலுள்ள மணற்பாறைக்குள் செலுத்தி வந்துள்ளனர். மேலே களிப்பாறை மூடிபோல் இருக்கிறது.

கசிந்தால் என்ன ஆகும்? எனக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. விடை கம்ப்யூட்டரில் இருக்கிறது. கப்பலிலிருந்து ஒலி அலைகளை அனுப்பி எதிரொலிகளைப் பதிவு செய்கிறார்கள். சாஃப்ட்வேர் அவற்றை முப்பரிமாணப் படமாக்குகிறது. வாயுவைச் செலுத்தும் முன் 1994-ல் எடுத்த படத்துடன் 1999 முதல் எடுத்த படங்களை ஒப்பிட்டால், வாயு பரவிய இடம் பளிச்சென்று தெரிகிறது. மூடியைத் தாண்டிக் கசிந்த அடையாளம் அவற்றில் இல்லை.

அந்த 1994 பதிவு இல்லையென்றால் ஒப்பிட எதுவுமே இருந்திருக்காது. பழைய ஃபைல்களை அழிக்கும் முன் நீங்களும் யோசியுங்கள்!