கணினி சாகவில்லை, டிரைவரைத்தான் காணோம்!

கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் டிடிபி கடைகள் சிலவற்றில் இன்னமும் விண்டோஸ் எக்ஸ்பிதான் ஓடுகிறது. காரணம் சோம்பல் இல்லை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-ல். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் அடித்துச் சேர்த்த பல வருட ஃபைல்கள் அதில்தான் கிடக்கின்றன. அந்தக் காலத்துத் தமிழ் சாஃப்ட்வேர் சிலவற்றைத் திறக்க, பாரலல் போர்ட்டில் ஒரு 'லாக்' கருவியை மாட்டியாக வேண்டும். லேப் கருவிகள், சிஎன்சி மெஷின்கள், பில்லிங் கவுன்டர்கள் என்று வேறு பல இடங்களிலும் இதே நிலைதான்.

பழைய டெஸ்க்டாப் படுத்துவிட்டால் அடுத்த யோசனை மினி பிசி. இடம் அடைக்காது, பலவற்றில் ஃபேன்கூடக் கிடையாது. 2008-ல் வந்த இன்டெல் ஆட்டம் என்270 பிராசஸரின் மின் அளவு 2.5 வாட், 2013-ல் வந்த செலரான் ஜே1900-க்கு 10 வாட். கரன்ட் போனாலும் இன்வெர்ட்டரில் நெடுநேரம் தாங்கும். ஆனால், பழைய விண்டோஸ் சிடியைப் போட்டு இன்ஸ்டால் செய்யத் தொடங்கியதும் சிக்கல் ஆரம்பமாகிறது.

ஒவ்வொரு சிப்பையும் விண்டோஸ் இயக்க, இடையில் டிரைவர் என்ற மென்பொருள் வேண்டும். எக்ஸ்பிக்கு எழுதியது விண்டோஸ் 7-க்கு ஆகாமல் போகலாம். 32 பிட்டுக்கு எழுதியது 64 பிட்டுக்கு ஆகவே ஆகாது. விண்டோஸ் பழையது, சிப் புதியது என்றால் டிரைவரைச் சிப் கம்பெனிதான் எழுதித் தர வேண்டும். விற்பனை இல்லாத சிஸ்டத்துக்கு அது எழுதாது. எல்லாச் சிக்கலுக்கும் வேர் இதுதான்.

மூன்று முட்டுக்கட்டைகள்

முதலாவது, ஹார்டு டிஸ்க். இப்போதைய சாட்டா டிஸ்க்குகள் ஏஹெச்சிஐ முறையில் இயங்குகின்றன. எக்ஸ்பி சிடியில் அதற்கான டிரைவர் இல்லை. இன்ஸ்டால் பாதியிலேயே நீலத்திரை வந்து, 7பி என்று முடியும் பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடும். பயாஸில் ஐடிஇ என்று மாற்ற வசதி இருந்தால் பிழைத்தோம். இல்லையென்றால், 'என்லைட்' போன்ற கருவியால் டிரைவரைச் சேர்த்துப் புதிய இன்ஸ்டால் சிடி தயாரிக்க வேண்டும்.

இரண்டாவது, யுஎஸ்பி. விண்டோஸ் 7 வந்த 2009-ல் யுஎஸ்பி 3.0 பரவலாகவில்லை, அதன் டிரைவர் டிஸ்க்கில் இல்லை. 2015-க்குப் பிறகு வந்த இன்டெல் சிப்செட்டுகள் பலவற்றில் பழைய யுஎஸ்பி 2.0 கன்ட்ரோலரையே எடுத்துவிட்டார்கள். பயாஸில் ஒழுங்காக வேலை செய்த மவுஸும் கீபோர்டும் இன்ஸ்டால் திரை வந்ததும் அசையாமல் நின்றுவிடும். 'நெக்ஸ்ட்' பட்டனை அழுத்தக்கூட வழியிருக்காது.

மூன்றாவது, கிராபிக்ஸ். இதற்குத்தான் சுலபமான தீர்வே இல்லை. 'சீடர் டிரெயில்' என்ற தலைமுறை ஆட்டம் சிப்களில் இன்டெல் தன் சொந்த கிராபிக்ஸை வைக்காமல், இமாஜினேஷன் நிறுவனத்தின் பவர்விஆர் வடிவமைப்பை வைத்தது. விண்டோஸ் 7-க்கு 32 பிட் டிரைவர் வந்தது. 64 பிட் வரவேயில்லை. அடுத்து வந்த 'குளோவர் டிரெயில்' சிப்பிலும் இதே கம்பெனியின் கிராபிக்ஸ்தான். 2012-ல் விண்டோஸ் 8-உடன் விற்ற அந்தக் கருவிகளுக்கு, 2017-ல் விண்டோஸ் 10-ன் புதிய பதிப்பு கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கருவிகள் நன்றாகத்தான் இருந்தன.

ஆகவே, ஓஎஸ்-ஐ முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு மினி பிசியைத் தேடுங்கள். எக்ஸ்பிதான் வேண்டுமா? என்270 அல்லது டி525 தலைமுறையில் பழையதாகப் பார்த்து வாங்குங்கள். அந்தக் கால போர்டுகள் சிலவற்றில் பாரலல் போர்ட்டும் இருக்கும். விண்டோஸ் 7 போதும் என்றால் ஜே1900 பொருந்தும்.

எண்ணைப் பிடியுங்கள்

மாடல் பெயரைப் போட்டுத் தேடினால் பெரும்பாலும் வீண் அலைச்சல்தான். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் கேள்விக்குறியோடு நிற்கும் வரியில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போங்கள். டீடெய்ல்ஸ் பகுதியில் ஹார்டுவேர் ஐடி இருக்கும். அதில் இரண்டு அடையாளங்கள் முக்கியம்: ஒன்று தயாரித்த கம்பெனியின் எண், மற்றது சிப்பின் எண். கம்பெனி எண் 8086 என்றிருந்தால் அது இன்டெல். 1978-ல் வந்த தன் 8086 பிராசஸரின் பெயரையே இன்டெல் அடையாள எண்ணாக வைத்துக்கொண்டது. சிப் எண் 8168 என்றிருந்து கம்பெனி ரியல்டெக் ஆனால், அது லேன் சிப்.

டிரைவர் ஃபோல்டரில் ஐஎன்எஃப் என்று முடியும் ஃபைல் இருக்கும். அதை நோட்பேடில் திறந்து அந்தச் சிப் எண்ணைத் தேடுங்கள். உங்கள் விண்டோஸுக்கான பகுதியில் எண் இருந்தால் துணிந்து போடலாம். செட்டப் ஃபைல் 'இந்தக் கணினிக்குப் பொருந்தாது' என்று மறுத்தாலும், 7-ஜிப் கொண்டு அதைப் பிரித்து உள்ளே இருக்கும் ஐஎன்எஃப் ஃபைலைக் காட்டி இன்ஸ்டால் செய்ய முடிகிற நேரங்கள் உண்டு. முதலில் சிப்செட், பிறகு கிராபிக்ஸ், லேன், ஆடியோ என்ற வரிசையில் போடுங்கள். லேன் டிரைவரை மட்டும் முன்கூட்டியே பென் டிரைவில் எடுத்து வையுங்கள். அது இல்லாமல் மற்றவற்றை இறக்க இன்டர்நெட்டே வராது.

அழிக்கிறவர்கள் யார்?

எழுதி முடித்த டிரைவர்களும் மறைந்துகொண்டிருப்பதுதான் பெரிய வேதனை. 2019 நவம்பரில் இன்டெல் தன் தளத்திலிருந்து பழைய போர்டுகளின் டிரைவர், பயாஸ் ஃபைல்களை நீக்கியது. 2020 ஆகஸ்ட்டில் மைக்ரோசாஃப்ட், பழைய எஸ்ஹெச்ஏ-1 முறையில் டிஜிட்டல் கையெழுத்திட்ட ஃபைல்களைத் தன் டவுன்லோடு மையத்திலிருந்து எடுத்தது. பாதுகாப்பு என்பது நியாயமான காரணம்தான். அதற்கு ஓர் எச்சரிக்கை வாசகம் போதுமே! உழைக்கிற இயந்திரம் குப்பைக்குப் போக வேண்டிய அவசியம் என்ன? இன்டர்நெட் ஆர்க்கைவில் ஆர்வலர்கள் சேர்த்து வைத்த பிரதிகளால்தான் பல போர்டுகள் இன்று பிழைத்திருக்கின்றன. அதிகாரபூர்வ இடம் காலியானால் அங்கே போலித் தளங்கள் முளைக்கும். டிரைவர் என்ற பெயரில் வைரஸைத் தரும்.

லினக்ஸில் டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன; மூலநிரல் திறந்திருப்பதால் கம்பெனி கைவிட்டாலும் வேறொருவர் பராமரிக்க முடிகிறது. இன்டெல்லே கைகழுவிய பவர்விஆர் சிப்களுக்குக்கூட அடிப்படைத் திரை டிரைவர் லினக்ஸில் உண்டு. விற்பனையை நிறுத்தும் கம்பெனிகள் டிரைவரைப் பொதுவில் விட்டுவைக்க வேண்டும். சிப்பின் தொழில்நுட்ப விவரங்களையும் வெளியிட வேண்டும். இது சலுகை இல்லை, காசு கொடுத்து வாங்கியவரின் உரிமை.

எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடும் பொதுவான பாதுகாப்பு உதவி முடிந்துவிட்டது. ஆகவே, டிரைவர் போட்டு முடித்ததும் லேன் கேபிளைக் கழற்றிவிடுங்கள். ஃபைல் மாற்ற, ஸ்கேன் செய்த பென் டிரைவ் போதும். இப்போது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினி உங்களிடம் இருந்தால், அதன் டிரைவர்கள் அனைத்தையும் 'டபுள் டிரைவர்' போன்ற இலவசக் கருவியால் இன்றே பேக்கப் எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். கணினி படுத்த பிறகு தேடுவது கடினம். ஓடும்போது எடுத்து வைக்கச் சில நிமிடங்கள் போதும்.