தாத்தாவின் கடற்படைச் சான்று: படிக்கும் முறையும் கேட்கும் உரிமையும்

பழைய பணிச்சான்றில் ‘எச்.எம்.ஐ.எஸ். அடையாறு’ என்று கண்டிருந்தால், தாத்தா அந்தக் கப்பலில் ஏறிப் போருக்குப் போனார் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அது கப்பலே அல்ல. மதராஸ் கரையில் இருந்த கடற்படைத் தளம். ‘சிவாஜி’ இருந்தது லோனாவாலா மலையில். ‘தல்வார்’ பம்பாய் கொலாபாவில் இருந்த சிக்னல் பள்ளி. ‘ஹிமாலயா’ கராச்சியில் பீரங்கிப் பயிற்சி தந்த இடம். மாலுமி என்றால் ஏதாவதொரு கப்பலின் பேரேட்டில் அவர் பெயர் இருந்தாக வேண்டும் என்பது பழைய பிரிட்டிஷ் வழக்கம். அதனால் கரையில் கட்டிய கட்டடங்களுக்கும் கப்பல் பெயர் சூட்டி, அந்தப் பேரேட்டில் ஆட்களைச் சேர்த்தார்கள். முன்னால் நிற்கும் ‘எச்.எம்.ஐ.எஸ்.’ என்பது அரசரின் இந்தியக் கப்பல் என்பதன் சுருக்கம்.

1939இல் போர் தொடங்கியபோது ராயல் இந்தியக் கடற்படையில் மாலுமிகளும் அதிகாரிகளும் சேர்ந்தே ஈராயிரம் பேர் இல்லை. போர் முடியும்போது 25,000க்கும் மேல். திடீரென்று வீங்கிய அந்தப் படையில் மதராஸ் மாகாணத்துப் பையன்களும் திருவிதாங்கூர்க்காரர்களும் நிறையப் பேர். அவர்களுடைய சான்றுகள்தாம் இப்போது பரணிலிருந்தும் டிரங்குப் பெட்டியிலிருந்தும் வெளியே வருகின்றன. பேரப்பிள்ளைகள் அதைப் படம் பிடித்து உறவினர் குழுவில் போடுகிறார்கள். அடுத்த அரை மணியில் ஒரு வீரக் கதை பிறந்துவிடுகிறது.

கதைக்கு முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தாளை எழுதியது சம்பளக் கணக்குப் பார்த்த எழுத்தர். யாருக்கு, எந்தப் பேரேட்டிலிருந்து, என்ன விகிதத்தில், எந்தத் தேதி வரை பணம் கொடுப்பது என்பதுதான் அவர் கவலை. ஆள் என்ன சாதித்தார் என்று எழுத அதில் இடமே கிடையாது. உயரம், மார்பளவு, தழும்பு, பச்சை குத்தியது எல்லாம் விவரமாக இருப்பதைப் பார்த்து நெகிழ்ந்துபோகிறவர்கள் உண்டு. ஆள் ஓடிப்போனால் அடையாளம் கண்டு பிடித்துக்கொண்டு வரவும் அந்தக் குறிப்பு வேண்டும் என்பதை அவர்களிடம் சொல்லத்தான் சங்கடமாக இருக்கிறது.

இப்படிப் பார்த்தால் கப்பல் பெயர் உள்ள பத்தி தெளிவாகும். அது அவர் எங்கே சம்பளம் வாங்கினார் என்பதன் வரிசை. தளத்தின் பெயர் இருப்பதாலேயே அவர் கரையைவிட்டு நகரவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. மோட்டார் படகு, தரையிறங்கு கலம் போன்ற சிறிய கலங்களில் கணக்கு அலுவலகம் கிடையாது. அவற்றில் போனவர்களின் பெயர் பக்கத்துத் தளத்தின் பேரேட்டில் நிற்கும். தளத்தின் பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள் வேறொரு பெயரோ எண்ணோ இருந்தால், அவர் உண்மையில் போன கலம் அதுவாக இருக்கலாம். முன்னொட்டையும் கவனியுங்கள். ‘எச்.எம்.எஸ்.’ என்று மட்டும் இருந்தால் பிரிட்டிஷ் கடற்படையின் பேரேடு. அதிலும் இதே பொறி உண்டு: ‘லங்கா’ கொழும்புத் தளம், ‘ஹைஃப்ளையர்’ திருகோணமலைத் தளம், ‘பிரகான்சா’ பம்பாய்த் தளம்.

கடலுக்குப் போனாரா, கரையில் இருந்தாரா என்ற சந்தேகத்தைப் பதக்கங்களை வைத்து ஓரளவு தீர்க்கலாம். ‘1939–45 நட்சத்திரம்’ கடற்படையினருக்குப் பொதுவாகப் போர்ப் பகுதியில் ஆறு மாதம் கடலில் இருந்தால்தான் கிடைத்தது. அதோடு பர்மா நட்சத்திரமும் இருந்தால் 1941 டிசம்பருக்குப் பிறகு வங்காள விரிகுடாப் பக்கம் போயிருக்க வாய்ப்பு அதிகம். இந்தியா சர்வீஸ் பதக்கமோ போர்முனைக்கு வெளியே மூன்றாண்டு வேலை பார்த்தவர்களுக்கு உரியது. எழுத்தராகவோ சமையல்காரராகவோ மூன்று வருடம் கரையில் உழைத்தவரை, வீட்டார் பீரங்கி முன்னால் நிறுத்திப் பார்க்க ஆசைப்படுவது ஏனோ தெரியவில்லை. சிக்னல் பள்ளியில் தேறி வருவது அந்தக் காலத்துப் பையனுக்குச் சின்ன விஷயமில்லை.

அடுத்து சுருக்கெழுத்துகள். நடத்தை என்ற பத்தியில் ‘வி.ஜி.’ என்று இருந்தால் மிக நன்று. பெருமைப்படலாம், ஆனால் அதுதான் சாதாரண மதிப்பெண். வெறும் ‘நன்று’ என்று ஒரு வருடம் இறங்கியிருந்தால் அந்த வருடம் ஏதோ தண்டனை வாங்கியிருப்பார். திறமைப் பத்தியில் ‘சாட்’ என்பது திருப்தி. ‘எச்.ஓ.’ என்றால் போர் நடக்கும்வரை மட்டும் என்ற ஒப்பந்தம், ‘சி.எஸ்.’ என்றால் நீண்டகாலப் பணி. இந்த வேறுபாடு பின்னால் ஓய்வூதியப் பேச்சு வரும்போது முக்கியம். ‘ஆர்’ அல்லது ‘ரன்’ என்று இருந்தால் ஓடிப்போனார் என்று பொருள். ‘டி.டி.’ என்றால் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். அப்படியானால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடுங்கள், கட்டணம் இல்லை. இந்தியக் கடற்படையிலும் வணிகக் கப்பல்களிலும் பணியாற்றிக் கல்லறை இல்லாமல் போன ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பம்பாய், சிட்டகாங் நினைவுப் பட்டியல்களில் உள்ளன.

தேடும்போது பெயரை நம்பாமல் அலுவல் எண்ணை நம்புங்கள். முத்துசாமி என்ற பெயரை எழுத்தருக்கு எழுத்தர் வேறுவேறாக எழுதினார்கள். அப்பா பெயரை ஒருவர் தலைப்பெழுத்தாக்கினார், இன்னொருவர் குடும்பப் பெயராக்கினார், வேறொருவர் சாதிப் பெயரைக் கடைசியில் ஒட்டினார். ஊர்ப் பெயர் டின்னவெல்லி, டாஞ்சூர், ராம்நாட், ட்யூட்டிகொரின் என்று வெள்ளைக்காரர் வழக்கில் இருக்கும். பிறந்த தேதியோ, ஆள் சேர்க்கும் மேசையில் பையன் சொன்னது. வயது போதாதவன் கூட்டிச் சொல்லியிருப்பான். பள்ளிச் சான்றோடு தேதி ஒத்துவரவில்லை என்பதற்காக ஆவணமே வேறொருவருடையது என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

பணம், உரிமை என்று வரும்போது எல்லாம் தொங்குவது கடைசிப் பத்தியில்: எந்த நாளில், என்ன காரணத்துக்காக விடுவிக்கப்பட்டார்?

1946 பிப்ரவரி 18 அன்று ‘தல்வார்’ மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். பம்பாயிலிருந்து கராச்சி, மதராஸ் என்று பரவி, 23ஆம் தேதி முடிவுக்கு வந்தது. அதன் பிறகு நூற்றுக்கணக்கானோர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். இந்த எழுச்சி, மத்திய அரசின் சுதந்திரப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டம் ஏற்றுக்கொண்ட போராட்டங்களில் ஒன்று. சிறை, வேலையிழப்பு போன்ற நிபந்தனைகளும் அதற்கு உண்டு. ஆனால் 1946இல் விடுவிக்கப்பட்டவர் எல்லாரும் அதில் சேர்ந்தவர் அல்லர். போர் முடிந்ததால் அதே ஆண்டில் ஆயிரக்கணக்கானோரைச் சும்மாவே வீட்டுக்கு அனுப்பினார்கள். ‘சேவை இனித் தேவையில்லை’ என்று காரணம் எழுதி, தேதியும் பிப்ரவரிக்குப் பிந்தியதாக இருந்தால் மேலும் தோண்டிப் பார்க்கலாம். ‘போர்ப்படைக் கலைப்பு’ என்று இருந்தால் அது வழக்கமான விடுவிப்புதான். எழுச்சி பற்றி நீதிபதி சர் ஃபசல் அலி தலைமையில் விசாரித்த ஆணையத்தின் தாள்கள் தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

யாருக்கு என்ன கிடைக்கும் என்பதில் வீண் ஆசை வேண்டாம். சுதந்திரப் போராட்ட ஓய்வூதியம் அவருக்குப் பின் மனைவிக்கும் மணமாகாத மகளுக்கும் போகும். மகனுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ போகாது. அதில் சேராத போர்க்கால மாலுமிக்கு, அதாவது ‘எச்.ஓ.’ ஆட்களுக்கு, பெரும்பாலும் பணிக்கொடையோடு சரி, ஓய்வூதியம் கிடையாது. ஓய்வூதியம் பெறாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தமிழக அரசு மாதாந்திர நிதியுதவி தருகிறது. பாட்டி உயிரோடு இருந்தால், விடுவிப்புச் சான்றோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். இதற்குத் தரகர் தேவையில்லை. ‘லண்டனிலிருந்து போர்க்கால மாலுமிகளின் வாரிசுகளுக்குக் கோடிக்கணக்கில் இழப்பீடு வந்திருக்கிறது, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். வறுமையில் இருக்கும் பழைய வீரர்களுக்கும் விதவைகளுக்கும் காமன்வெல்த் முன்னாள் படைவீரர் லீக் உதவுவது உண்மைதான். பேரனுக்குப் பணம் அனுப்புவது அதன் வேலை அல்ல.

மூலத் தாளை யாரிடமும் கொடுக்காதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். சூடும் பசையும் காகிதத்தைக் கெடுக்கும். பிறகு உரிக்கவும் முடியாது. பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்தால் போதும். இணையத்தில் போடும் முன் மருத்துவக் குறிப்பையும் தண்டனைக் குறிப்பையும் மறைத்துவிடுங்கள். பாட்டிக்கே தெரியாத விஷயம் அதில் இருக்கலாம். வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு விற்கும் எண்ணம் இருந்தால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தையும் பாருங்கள். வரலாற்று மதிப்புள்ள ஆவணம் 75 ஆண்டு கடந்திருந்தால் அது தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரும். அதைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. உலகப் போர்த் தாள்கள் அந்த வயதைத் தாண்டிவிட்டன.

வீட்டில் தாள் இல்லை, அல்லது பாதி கிழிந்துவிட்டது என்றால் கேட்டு வாங்கும் உரிமை இருக்கிறது. மாலுமிகளின் ஆவணங்களைக் கையாள்வது மும்பை மான்கூர்த், சீட்டா கேம்ப்பில் உள்ள கடற்படையின் மாலுமிகள் பணியகம். முதலில் சாதாரணக் கடிதம் போதும்: அலுவல் எண், பெயரின் எல்லா வடிவங்களும், ஊர், தெரிந்த கப்பல் பெயர்கள், இறப்புச் சான்றிதழ் நகல், தாசில்தார் தந்த வாரிசுச் சான்றிதழ் நகல். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். தவறான அலுவலகத்துக்குப் போட்டிருந்தால் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை.

‘தனிப்பட்ட தகவல், தர முடியாது’ என்று மறுத்தால் பிரிவு 8(3)ஐக் காட்டுங்கள். 20 ஆண்டுக்கு முன் நடந்தவை பற்றிய தகவலை, நாட்டின் பாதுகாப்பு போன்ற மூன்று விலக்குகள் தவிர வேறெதையும் சொல்லி மறுக்க முடியாது. தாத்தாவின் விவகாரமோ எண்பது ஆண்டுப் பழையது.

அடிக்கடி வரக்கூடிய பதில் வேறு: ‘ஆவணம் கிடைக்கவில்லை.’ சட்டத்தில் அப்படி ஒரு விலக்கே இல்லை. ஒருகாலத்தில் இருந்த ஆவணத்தைக் காணவில்லை என்றால் முறையாகத் தேடி, தேவைப்பட்டால் விசாரணையும் நடத்த வேண்டும் என்று 2013இல் தில்லி உயர்நீதிமன்றம் விஸ்வாஸ் பாம்புர்கர் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். பிறகு மத்தியத் தகவல் ஆணையம். எந்தப் பதிவேடுகளில் தேடினீர்கள், அழித்திருந்தால் எந்த விதிப்படி, எந்தத் தேதியில் என்று தனித்தனியாகக் கேளுங்கள். பதிலை எழுத்தில்தான் வாங்க வேண்டும். சுதந்திரப் போராட்ட ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும் விதவை அல்லது மகள், மூல ஆவணம் இல்லாத இடத்தில் சக மாலுமியின் சான்று போன்ற இரண்டாம் நிலைச் சான்றுகளைக் காட்ட வேண்டியிருக்கும். ஆவணம் இல்லை என்று உரிய அலுவலகம் தரும் சான்றையும் அவற்றோடு சேர்த்துத் தர வேண்டும்.