அழித்தவை அழிந்தனவா?

நுழையும்முன்

உள்ளங்கையில் அடங்கும் திறன்பேசி, இன்று ஒரு குடும்பத்தின் இரும்புப்பெட்டியாக விளங்குகிறது. வங்கிக் கணக்கு, ஆதார் படி, மருத்துவ அறிக்கை, நிழற்படங்கள் எனப் பலவும் அதனுள் உறைகின்றன. பழைய கருவியை விற்கும்போது இப்பெட்டியின் சாவியையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறோமா?

அன்றும் இன்றும்

1996ஆம் ஆண்டு வெளிவந்த பாம் பைலட் என்னும் கையடக்கக் கணினி, மின்னாற்றல் உள்ளவரை மட்டுமே தரவுகளைத் தாங்கியது. மின்கலம் தீர்ந்து, மாற்றுக்கலம் இடப்படாவிட்டால் முகவரிகளும் நாட்குறிப்புகளும் மறைந்துபோயின. அன்று தரவுகளைக் காப்பதே அரிதாக இருந்தது. ஜப்பானியப் பொறியாளர் ஃபூஜியோ மசுவோக்கா 1984இல் உலகிற்கு அறிவித்த ஃபிளாஷ் நினைவகமோ, மின்னாற்றல் இன்றியும் தரவுகளை இழப்பதில்லை. இன்றைய திறன்பேசிகள் இவ்வகை நினைவகத்தையே கொண்டுள்ளன. எனவே, இன்று முழுமையாக அழிப்பதே அரிதாகிவிட்டது.

நீக்குதல் வேறு, அழித்தல் வேறு

நூலகப் பட்டியலிலிருந்து ஒரு நூலின் பெயரை அடித்துவிட்டாலும், நூல் அலமாரியிலேயே இருக்கும். ஒரு கோப்பை நீக்கும்போதும் பெரும்பாலும் இதுவே நிகழ்கிறது. 'இவ்விடம் காலி' என்னும் குறிப்பு மட்டுமே முதலில் பதிவாகிறது. மேலும், ஃபிளாஷ் நினைவகத்தின் ஒவ்வொரு பகுதியிலும் குறிப்பிட்ட முறைகளே எழுத இயலும். தேய்மானத்தைப் பகிர்ந்தளிக்கும் பொருட்டுப் புதிய தரவு வேறோர் இடத்தில் எழுதப்படுவதால், பழைய தரவின் எச்சம் சிலகாலம் தங்கிவிடக்கூடும்.

திறவுகோலை அழிக்கும் உத்தி

இச்சிக்கலுக்கு மறைகுறியாக்கம் தீர்வாக அமைந்தது. தரவுகள் யாவும் பொருள் விளங்காக் குறிகளாக மாற்றப்பட்டுச் சேமிக்கப்படுகின்றன. அவற்றை மீண்டும் படிக்க ஒரு மின்னணுத் திறவுகோல் தேவை. அத்திறவுகோலை அழித்துவிட்டால், எஞ்சியவை வெறும் குறிகளே. தொடக்ககால ஐபோன்களில் நினைவகம் முழுவதையும் அழித்தெழுதப் பல மணிநேரம் ஆனது. 2009இல் வந்த ஐபோன் 3ஜிஎஸ், திறவுகோலை மட்டும் அழித்து அப்பணியை நொடிப்பொழுதில் முடித்தது. 2019இல் வெளியான ஆண்ட்ராய்டு 10 முதல், அதனுடன் வரும் புதிய திறன்பேசிகள் அனைத்திற்கும் மறைகுறியாக்கம் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும், எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல் இப்பாதுகாப்பையே பயனற்றதாக்கிவிடும்.

கைமாற்றும் முன்

முதலில், தேவையான தரவுகளுக்குப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். கூகுள், ஆப்பிள் முதலிய கணக்குகளிலிருந்து வெளியேற வேண்டும். சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் கழற்றிக்கொள்ள வேண்டும். நினைவக அட்டை பெரும்பாலும் மறைகுறியாக்கம் செய்யப்படாதது என்பதை மறத்தலாகாது. இறுதியாக, அமைப்புகள் பகுதியில் உள்ள 'ஃபேக்டரி ரீசெட்' வாயிலாகக் கருவியைத் தொடக்கநிலைக்குக் கொண்டுவர வேண்டும். கோப்புகளை ஒவ்வொன்றாக நீக்குவது இதற்கு ஈடாகாது.

கருவி தொலைந்துபோனால், வேறொரு கருவியிலிருந்து கணக்கில் நுழைந்து, தொலைவிலிருந்தே தரவுகளை அழிக்க ஆணையிடலாம். கருவி இணையத்துடன் இணையும்போதே அவ்வாணை நிறைவேறும் என்பதால், காலந்தாழ்த்தாமல் சிம் அட்டையை முடக்கி, வங்கிக்கும் தெரிவித்தல் இன்றியமையாதது.

தெரிந்து தெளிவோம்

*#06# என அழுத்தினால் கருவியின் 15 இலக்க அடையாள எண் திரையில் தோன்றும். அதனைத் தனியே குறித்துவைத்தல் நன்று. தொலைந்த கருவியை இந்திய அரசின் சஞ்சார் சாத்தி தளம் வழியாக முடக்க அவ்வெண் உதவும்.

பிறர் நம்பிக்கை

ஒருவரது திறன்பேசியில் இருப்பவை அவருடைய தரவுகள் மட்டுமல்ல. தாயின் வங்கி விவரம், தோழியின் நிழற்படம், நண்பன் மனம் திறந்து அனுப்பிய செய்தி ஆகியனவும் அதிலுண்டு. அவர்கள் நம்பி ஒப்படைத்தவற்றைக் காப்பதும், உரிய வேளையில் முற்றாக அழிப்பதும் கருவியை வைத்திருப்பவரின் கடமையாகும்.