கொல்லைப்புறத்துக் கஜானா

கோழியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நேயர்களில் சிலர் முகத்தைச் சுளிக்கலாம். மரக்கறி உண்ணும் குடும்பத்தார் இந்தப் பக்கத்தை அவசரமாகப் புரட்டிவிடவும் கூடும். சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம். நாம் சொல்ல வந்த விஷயம் சமையற்கட்டைப் பற்றியதன்று. கிராமத்து ஏழைப் பெண்மணியின் கையிருப்பைப் பற்றியது.

புதுக்கோட்டைச் சீமை வானம் பார்த்த பூமி. 1948-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் சமஸ்தானம் இந்திய யூனியனுடன் இணைந்தது. 1974-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் புதுக்கோட்டை தனி ஜில்லாவாயிற்று. ராஜாங்கம் மாறினாலும் மழையின் சுபாவம் மாறவில்லை. கண்மாய் நிறைந்த வருஷத்தில் களத்தில் நெல். நிறையாத வருஷத்தில் கடன். இலுப்பூர்ப் பக்கம் போனாலும், திருமயம் பக்கம் போனாலும், வீட்டுக்குப் பின்னால் ஐந்தாறு கோழிகள் குப்பையைக் கிளறிக்கொண்டிருப்பதைக் காணலாம். அந்தக் கோழிகள் வெறும் அலங்காரத்துக்காக அங்கே நிற்கவில்லை.

நெல் விற்ற பணம் பெரும்பாலும் ஆண்பிள்ளையின் மடியில் போய்ச் சேருகிறது. ஆனால் முட்டை விற்ற பணமும் சேவல் விற்ற பணமும் வீட்டு அம்மாளுக்கே சொந்தம். அதற்குச் ‘சிறுவாடு’ என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், மகளின் பிரசவச் செலவு, குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட கடன் ஆகிய எல்லாவற்றுக்கும் இந்தக் கஜானாதான் திறக்கிறது. யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டாம். யாரிடமும் கை நீட்டவும் வேண்டாம். சுயராஜ்யம் என்பது கொல்லைப்புறத்திலும் உண்டு என்பதை இதைக் கண்டுதான் நாம் தெரிந்துகொண்டோம்.

விடிந்தது முதல் அந்தி வரை

கோழி வளர்ப்பில் முதலீடு சொற்பம், கவனந்தான் அதிகம். விடிந்ததும் கூட்டைத் திறந்து, ஒரு பிடி நொய்யோ கம்போ தூவ வேண்டும். பிறகு பகல் முழுவதும் கோழி தன் ஆகாரத்தைத் தானே தேடிக்கொள்ளும். சிந்திய தானியம், புழு பூச்சி, புல்லின் விதை, அடுப்படியிலிருந்து வரும் மிச்சம் எல்லாம் அதற்கு விருந்து. மனிதனுடன் கோழி சிநேகம் கொண்டதே தானியத்தை முன்னிட்டுத்தான் போலும். தாய்லாந்து தேசத்தில் பான் நோன் வாட் என்னும் இடத்தில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்தவர்கள், நெல்லும் தினையும் பயிரான இடத்துக்கே காட்டுக்கோழி முதலில் நெருங்கி வந்திருக்க வேண்டும் என்று 1922-க்குச் சரியாக ஒரு நூற்றாண்டு கழித்து, 2022-ஆம் வருஷத்தில் எழுதினார்கள்.

குஞ்சுகளுக்கு மட்டும் தனி உபசாரம். பழைய பானை ஒன்றில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல் ஆகியவற்றைத் திணித்துத் தண்ணீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் அந்தியில் கவிழ்த்து வைப்பார்கள். விடிந்து எடுத்துப் பார்த்தால் பானைக்குள் கறையான் கூட்டம்! வீட்டுக் கூரையை அரிக்க வேண்டிய ஜந்து குஞ்சுகளின் வயிற்றுக்குள் போய்விடுகிறது. பருந்தும் கீரியும் காத்திருக்கும் வேளைகளில் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தால் மூடிவைப்பார்கள்.

அடை வைப்பது ஒரு சிறு வைபவம். கூடையில் மணலோ வைக்கோலோ பரப்பிப் பத்துப் பன்னிரண்டு முட்டைகளை அடுக்குவார்கள். இடி முழக்கத்தால் முட்டை கெடாமலிருக்க ஓர் இரும்புத் துண்டும் கரித்துண்டும் மிளகாய் வற்றலும் உடன் வைப்பதுண்டு. இடிக்கும் மிளகாய்க்கும் என்ன சம்பந்தம் என்று நாம் கேட்கத் துணியவில்லை. தாய்க்கோழி 21 நாள் தவமிருக்கிறது. தீனிக்கும் தண்ணீருக்கும் சிறிது நேரம் இறங்கி, உடனே திரும்பிவிடுகிறது. கூமுட்டை போக மீதியெல்லாம் குஞ்சுகளாகின்றன. விலை கொடுத்து வாங்காமல் மந்தை பெருகிவிடுகிறது.

புயலுக்குப் பின்

இதன் அருமை 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி வீசிய கஜா புயலுக்குப் பிறகு நன்றாக விளங்கிற்று. வடகாடு, கீரமங்கலம் பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. நெட்டைத் தென்னங்கன்று காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். குஞ்சு பொரித்து வளர்ந்த பெட்டைக்கோழியோ ஏறக்குறைய ஆறேழு மாதத்தில் முட்டையிடத் தொடங்கிவிடும். பெருஞ்செல்வம் விழுந்துபோன வீட்டை முதலில் தாங்கிப் பிடிப்பது இத்தகைய சிறுசெல்வந்தான்.

2019-ஆம் வருஷத்துக் கால்நடைக் கணக்கின்படி நமது தேசத்தில் கோழி முதலிய வளர்ப்புப் பறவைகள் 85 கோடிக்கு மேல். அவற்றில் சுமார் 31 கோடியே 70 லட்சம் வீட்டுப் புழக்கடைகளில் வளர்ந்தவை. பண்ணைக் கோழி வருஷத்துக்கு 300 முட்டை இடுமே என்பார்கள். உண்மைதான். நாட்டுக்கோழி அதில் கால்பங்கு இடுவதே அரிது. ஆனால் அதிக முட்டைக்காக உண்டாக்கிய இனங்கள் அடைகாக்கும் குணத்தைப் பெரும்பாலும் மறந்துவிட்டன. ஒவ்வொரு முறையும் குஞ்சை வெளியிலிருந்து வாங்க வேண்டும். நாட்டுக்கோழி குறைவாகக் கொடுத்தாலும், தன் சந்ததியைத் தானே கொடுக்கிறது.

வெள்ளைக்கழிச்சல்

இவ்வளவு நல்ல கஜானாவுக்கு ஒரு கள்வன் இருக்கிறான். அவன் பருந்துமல்ல, கீரியுமல்ல. அவன் பெயர் வெள்ளைக்கழிச்சல்.

சென்ற மாசியில் ஆலங்குடிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் மூதாட்டி ஒருத்தியின் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். கொல்லையில் பஞ்சாரம் வெறுமையாகக் கவிழ்ந்து கிடந்தது.

“கோழி இல்லையா, ஆயா?” என்று கேட்டோம்.

“14 உருப்படி நின்னுச்சு, தம்பி. நாலே நாளில் எல்லாம் போச்சு” என்றாள். பிறகு, “கோழிதான் என் கோழி. சீக்கு ஊர்ச் சீக்கு” என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் பெரிய சாஸ்திரமே அடங்கியிருக்கிறது. 1926-ஆம் வருஷத்தில் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாஸிலிலும் கண்டறிந்த இந்த நோய், மறு வருஷமே நமது இமயமலைச் சாரலில் ராணிக்கேத்தில் தென்பட்டது. அதனால் இங்கே ‘ராணிக்கேத்து நோய்’ என்று பெயர் பெற்றது. கோழி இறகை விரித்துத் தூங்கி விழும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்துத் திருகிக்கொள்ளும். வந்த பிறகு நோயைத் தீர்க்கும் மருந்து கிடையாது.

ஆனால் வருமுன் காக்க வழி உண்டு. அதே மலைப்பிரதேசத்தில் முக்தேசுவரத்து ஆராய்ச்சிசாலையில் 1940-களில் நோய்க்கிருமியின் வீரியத்தைத் தணித்துத் தடுப்பு மருந்து கண்டார்கள். எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கு ஊசி. இளங்குஞ்சுகளுக்குக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் தீனிபோல் தின்னக் கொடுக்கும் தடுப்பு மருந்தும் செய்திருக்கிறார்கள். கோடை நெருங்குமுன், பிப்ரவரி மாதத்தில் அரசாங்கக் கால்நடைத் துறையார் கிராமங்களில் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம்.

பின்னும் ஏன் பஞ்சாரம் காலியாகிறது? ஊசி போட்ட கோழி சில நாள் சோர்ந்து நிற்கும்; அதைக் கண்டு அண்டைவீட்டார் பயந்துவிடுகிறார்கள். சிலர் நோய் ஊருக்குள் புகுந்த பிறகு ஓடிவருகிறார்கள். அப்போது ஊசி பலிப்பதில்லை. பழி மாத்திரம் ஊசியின்மேல் விழுகிறது. இன்னும் சிலர் கோழி வாடத் தொடங்கியதும், வந்த விலைக்குப் போகட்டும் என்று சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். நோயும் அதே கூடையில் ஏறி அடுத்த ஊருக்குப் பிரயாணம் செய்கிறது. விற்றவர் கையில் சில ரூபாய் மிஞ்சுகிறது. வாங்கியவளின் சிறுவாடு அடியோடு போகிறது.

ஊர் கூடினால்

மருந்தும் தனித்து வாழ விரும்புவதில்லை. ஒரு குப்பி நூறு கோழிகளுக்குக் காணும். பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கரைத்துவிட்டால் இரண்டொரு மணிக்குள் செலவழித்துவிட வேண்டும். ஐந்து கோழிக்காக ஒரு வீட்டில் குப்பியைத் திறப்பது எப்படி? கூட்டைத் திறந்துவிட்ட பிறகு கோழியைப் பிடிப்பதுந்தான் எப்படி? விடியுமுன் இருபது வீட்டுக்காரிகள் கூட்டைத் திறக்காமல் காத்திருந்தால், ஒரு காலை நேரத்தில் ஊர் முழுவதும் ஊசி போட்டுவிடலாம்.

இது ஆகாத காரியமா? 1991-ஆம் வருஷத்தில் இதே புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையாரின் ஊக்கத்தால், எழுத்துக் கற்க வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். ஒருத்தி தனியாக ஓட்டியிருந்தால் ஊர் சிரித்திருக்கும். எல்லோரும் ஓட்டியபோது ஊர் வழிவிட்டது. அந்தப் பெண்களுக்கும் அவர்களுடைய மகள்களுக்கும் ஒரு காலை நேரம் கூட்டைத் திறக்காமலிருப்பது பெரிய காரியமல்ல.

நேயர்களில் பலருக்குக் கிராமத்தில் உறவும் நிலமும் உண்டு. தை பிறந்ததும் ஊருக்கு எழுதும்போதோ பேசும்போதோ, “ஊசி எப்போது போடுகிறார்கள்? பக்கத்து வீட்டுக்கும் சொல்லியாயிற்றா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நாம் விடைபெற்றபோது அந்த மூதாட்டி பஞ்சாரத்தை நிமிர்த்தித் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். மகள் வீட்டிலிருந்து அடைக்கோழி ஒன்று வரப்போகிறதாம். “இந்தத் தடவை நாலு வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லிடுவேன், தம்பி” என்றாள்.