வண்டிக்கு ஏற்ற டயர்

தொண்டை நாட்டின் பழைய ஊர்களுள் ஆரணியும் ஒன்று. கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த இவ்வூர் பட்டு நெசவுக்கும் அரிசிக்கும் பெயர் பெற்றது. இங்கு நெய்யப்படும் பட்டு புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. ஆரணி நெசவாளர் ஒரு சேலையை மதிப்பிடும் முறை நாம் அறியத்தக்கது. அவர் மேலே தோன்றும் பளபளப்பைக் கண்டு மயங்குவதில்லை. பாவு எத்தன்மையது, ஊடை எத்தன்மையது, கரை உடலோடு உறுதியாகப் பிணைந்துள்ளதா என ஒவ்வொன்றாக ஆராய்ந்த பின்னரே விலை கூறுவார்.

இத்தகைய ஆராய்ச்சி சேலைக்கு மட்டும் உரியதன்று. நாள்தோறும் நம் உயிரைச் சுமந்து செல்லும் மற்றொரு பொருளுக்கும் அது வேண்டும். அப்பொருள் மோட்டார் வண்டியின் டயர். டயரும் ஒருவகை நெசவுப் பொருளே என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். வெளியே தெரிவது கரிய இரப்பர். ஆயின் அதனுள்ளே மறைந்து நின்று பாரத்தைத் தாங்குவன இழைகளே.

நம் முன்னோர் மாட்டு வண்டிச் சக்கரத்தைக் குடம், ஆரக்கால், வட்டை என்னும் உறுப்புகளால் அமைத்து, வட்டையைச் சுற்றி இரும்புப் பட்டை பூட்டினர். அப்பட்டை தேய்மானத்தைத் தடுத்தது. ஆனால் குலுக்கலைத் தடுக்கவில்லை. சக்கரத்தைச் சுற்றிக் காற்றடைத்த உறை ஒன்றைப் பொருத்தும் வழியை ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1845ஆம் ஆண்டில் கண்டு உரிமம் பெற்றார். எனினும் அக்காலத்தில் அது பரவவில்லை. 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப் என்பவர், தம் மகனுடைய மூன்று சக்கர மிதிவண்டி கல் தெருவில் குலுங்காது ஓடும்பொருட்டு அம்முறையை மீண்டும் கண்டார். அதன் பின்னர் அது உலகெங்கும் பரவியது. நம் நாட்டிலும் இத்தொழில் சிறந்தது. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் 1946ஆம் ஆண்டில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்பவர் பொம்மைப் பலூன் செய்யும் சிறு தொழிலைத் தொடங்கினார். அதுவே எம்.ஆர்.எப். நிறுவனமாக வளர்ந்து, 1961ஆம் ஆண்டில் டயர் செய்யும் ஆலையாயிற்று.

இனி, டயரின் உள்ளமைப்பைக் காண்போம். தொடக்கத்தில் பாவும் ஊடையும் சமமாகப் பின்னிய முரட்டுத் துணியையே இரப்பரில் பதித்தனர். வண்டி ஓடுங்கால் டயர் நசுங்கி நசுங்கி நிமிர்வதால், அவ்விழைகள் ஒன்றோடொன்று உராய்ந்து சூடேறி விரைவில் அறுந்தன. ஆகவே ஊடையைப் பெரிதும் குறைத்து, பாவு இழைகளை மட்டும் நெருக்கமாக நிறுத்தி, இழைக்கும் இழைக்கும் இடையே இரப்பரைப் புகுத்தும் முறை தோன்றியது. பருத்தியில் தொடங்கிய இவ்விழை, ரேயான், நைலான், பாலியெஸ்டர், எஃகுக் கம்பி எனப் படிப்படியாக மாறியது. மிதிவண்டிப் பந்தயத்திற்கெனப் பட்டிழை கொண்ட டயர்களும் செய்யப்பட்டன.

இழைகளை நிறுத்தும் வகையாலும் டயர் இருவகைப்படும். இழை அடுக்குகள் சாய்வாக ஒன்றையொன்று வெட்டிச் செல்வது குறுக்கிழை டயர். ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பிற்கு இழைகள் நேராகச் செல்ல, அவற்றின் மேல் எஃகுப் பட்டைகள் சுற்றி நிற்பது ரேடியல் டயர். பிரெஞ்சு நாட்டு மிஷலின் நிறுவனம் 1946ஆம் ஆண்டில் இதற்கு உரிமம் பெற்றது. ரேடியல் டயர் சூடேறுதல் குறைவு, தேய்தலும் குறைவு, சாலையைப் பற்றும் ஆற்றலோ மிகுதி. இன்று கார்கள் யாவும் ரேடியல் டயரிலேயே ஓடுகின்றன.

ஏறத்தாழ 1,000 கிலோ எடையுள்ள ஒரு சிறு கார் சாலையைத் தொடும் இடம் எவ்வளவு? ஒவ்வொரு டயரும் ஓர் உள்ளங்கை அளவே தரையைத் தொடுகிறது. விரைவதும், திரும்புவதும், நிற்பதும் அந்த நான்கு உள்ளங்கையளவு இரப்பரைக் கொண்டே நிகழ்கின்றன. பிரேக்கு சக்கரத்தைத்தான் நிறுத்தும். வண்டியை நிறுத்துவது டயர். இதனை மறந்து, பழைய கார்தானே என்று டயரில் சிக்கனம் பிடிப்போர் பலர். காரின் விலை ஆண்டுதோறும் குறையலாம். அதனுள் அமர்ந்து செல்வோரின் உயிர்விலை குறைவதில்லை அன்றோ?

டயரை மாற்ற வேண்டிய காலம் எது? இதனை அறிவிக்கும் சான்றுகள் இரண்டு. முதலாவது தேய்வு. டயரின் மேற்பரப்பிலுள்ள பள்ளங்கள் அழகிற்காக வெட்டப்பட்டவை அல்ல. மழைக் காலத்தில் டயருக்கும் சாலைக்கும் இடையே அகப்படும் நீரை அவையே வெளியேற்றுகின்றன. பள்ளம் ஆழம் குறைந்தால், நீர் வெளியேற வழியின்றி டயருக்கு அடியில் படலமாக நிற்கும். வண்டி தரையைத் தொடாது நீரின் மேல் மிதந்து வழுக்கும். அப்பொழுது பிரேக்கும் பயன்படாது, ஸ்டீயரிங்கும் பயன்படாது. காருக்குரிய புதிய டயரில் இப்பள்ளம் பொதுவாக 7 அல்லது 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். அது 1.6 மில்லிமீட்டருக்குக் குறைதல் கூடாது என்பது நம் நாட்டு மோட்டார் வாகன விதி. இதனை அளக்கக் கருவியும் வேண்டுவதில்லை. பள்ளங்களின் அடியில் அங்கங்கே சிறு மேடுகள் உள்ளன. மேற்பரப்பு தேய்ந்து அம்மேடுகளோடு சமமாகிவிட்டால், மக்கள் மொட்டை டயர் என்று கூறும் நிலை வந்துவிட்டது என அறிக.

இரண்டாவது சான்று முதுமை. பேழையில் மடித்து வைத்த பட்டுச் சேலை, உடுத்தாமலே ஆண்டுகள் பல சென்றால் மடிப்பில் இற்றுப்போவதை ஆரணி மக்கள் நன்கு அறிவர். டயரும் அத்தகையதே. வீட்டு வாயிலில் வெயிலில் நின்ற காரின் டயரில் பள்ளங்கள் ஆழமாகவே இருக்கலாம். ஆயினும் இரப்பர் இறுகி, பக்கச் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றியிருக்கும். டயர் பிறந்த காலத்தை அதன் பக்கச் சுவரிலேயே காணலாம். அங்கே நான்கு இலக்கங்கள் உள்ளன. 2319 என்று இருப்பின், அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஐந்தாண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்டுதல் வேண்டும். பத்தாண்டு கடந்ததை எந்நிலையில் இருப்பினும் நீக்குதல் வேண்டும். புதிது வாங்குங்காலும் முதலில் இவ்விலக்கங்களைப் படித்து, நெடுங்காலம் கடையில் கிடந்த சரக்கை விலக்குக. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா எனவும் காண்க.

இனி, அளவைப் பற்றி ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஆரணியில் ஒரு நெசவுக் குடும்பத்தார் 2010ஆம் ஆண்டில் வாங்கிய ஸ்விப்ட் காரை இன்றும் ஓட்டி வருகின்றனர் எனக் கொள்வோம். அவ்வண்டியின் டயரில் 165/80 ஆர் 14 85 டி என்று எழுதியுள்ளது. இதன் பொருள் யாது? 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பது. அதாவது 132 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல். 14 என்பது டயர் அமரும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 85 என்பது சுமைக் குறி; ஒரு டயர் 515 கிலோ வரை தாங்கும். டி என்பது விரைவுக் குறி. மணிக்கு 190 கிலோமீட்டர் அதன் எல்லை. மெல்லிய மயிற்பீலியையும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று திருவள்ளுவர் அறிவுறுத்தினார். பட்டு மெல்லியதே; பட்டுச் சேலைக் கட்டுகளோ மெல்லியன அல்ல. ஆதலின் புதிய டயரின் சுமைக் குறி பழையதினும் குறைதல் ஆகாது.

அக்குடும்பத்தார் முன்னிலும் சிறந்த டயர் போட விரும்பினால் வழி என்ன? அதே ஸ்விப்ட் காரின் உயர்ந்த வகைக்கு 185/70 ஆர் 14 என்னும் அளவு பொருத்தப்பட்டு வந்தது. இரண்டையும் கணக்கிட்டுப் பார்ப்போம். பழைய டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 620 மில்லிமீட்டர், புதியது 615. வேறுபாடு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. எனவே வேகம் காட்டும் கருவி பிழைபடாது. அகலம் 20 மில்லிமீட்டர் கூடுவதால் வளைவுகளிலும் பிரேக்கு பிடிக்கும்போதும் வண்டி உறுதியாக நிற்கும். ரிம்மும் 14 அங்குலமே. அதன் அகலம் இந்த டயருக்குப் போதுமா என்பதை மட்டும் கடையில் கேட்டு உறுதி செய்துகொண்டால் போதும்.

சிலர் இதனோடு அமையாது, 15 அங்குல ரிம்மும் 195/60 அளவுள்ள டயரும் நாடுவர். இதன் முழு விட்டமும் 615 மில்லிமீட்டரே. ஆயின் பக்கச் சுவர் 132 மில்லிமீட்டரிலிருந்து 117 ஆகத் தாழ்ந்துவிடும். குழியில் விழுங்கால் அதிர்ச்சியை ஏற்கும் காற்றுமெத்தை அவ்வளவிற்குக் குறையும், ரிம்மும் நெளியக்கூடும். நான்கு ரிம்களின் விலையும் தனியே சேரும். அகலம் மிக மிக, எரிபொருள் செலவும் மிகும். ஆரணியிலிருந்து செய்யாறு வழியாகக் காஞ்சிபுரத்திற்கும், கண்ணமங்கலம் வழியாக வேலூருக்கும் சென்று வரும் ஒரு பழைய காருக்கு இம்மாற்றம் தோற்றப் பொலிவையே தரும், பயன் சிறிது. ஊருக்குள்ளேயே மெதுவாக ஓடும் வண்டியாயின், பழைய அளவிலேயே தரமான டயர் நான்கு போடுவதே சாலும். வண்டி செய்தோர் வகுத்த அளவுகளைக் கடந்து செல்லாதிருத்தல் அறிவுடைமை.

நான்கையும் ஒருங்கே மாற்றப் பொருள் இல்லையெனின், இரண்டிரண்டாக மாற்றலாம். அங்ஙனம் மாற்றுங்கால், முன் சக்கரத்தால் இயங்கும் வண்டியாயினும், புதியன இரண்டையும் பின் அச்சில் இடுதல் வேண்டும். ஈரச் சாலையில் முன்பக்கம் வழுக்கினால் ஓட்டுநர் அதனை உணர்ந்து வேகத்தைக் குறைக்க இயலும். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். அதனை மீட்டல் அரிது. ஒரே அச்சில் இருவேறு அளவுள்ள டயர்களை இடுதல் எக்காலும் கூடாது.

புதிய டயர் பூட்டும்பொழுது வால்வையும் புதிதாக இட்டு, பேலன்சிங், வீல் அலைன்மென்ட் என்னும் இரண்டையும் செய்வித்தல் வேண்டும். தறியில் பாவு கோணினால் சேலை முழுதும் கோணுவதுபோல, சக்கரம் கோணினால் டயர் ஒரு பக்கமே தேய்ந்து, சில மாதங்களிலேயே பயனற்றுப்போம். காற்றின் அளவு ஓட்டுநர் பக்கத்துக் கதவு நிலையில் ஒட்டிய தாளில் எழுதப்பட்டிருக்கும். அதனைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்தல் நலம். காற்றுக் குறைந்தால் பக்கச் சுவர் மிகுதியாக மடங்கிச் சூடேறும், உள்ளிழைகள் அறும், நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

மாணவர்களே, கார் வாங்கும் பருவம் உங்களுக்கு இன்னும் வரவில்லை. எனினும் எழுத்தறிந்த கண் உங்களுக்கு உண்டு. ஐப்பசி மழை தொடங்குமுன், உங்கள் வீட்டு வண்டியோ, பள்ளிக்கு உங்களை ஏற்றிவரும் வண்டியோ, அதன் அருகே ஒரு நிமிடம் குனிந்து நில்லுங்கள். பள்ளத்தின் ஆழத்தையும், பக்கச் சுவரின் வெடிப்பையும், நான்கு இலக்கங்களையும் பாருங்கள். கண்டதைப் பெரியோரிடம் பணிவோடு எடுத்துக் கூறுங்கள். அந்த ஒரு நிமிடம் ஒரு குடும்பத்தையே காக்கவும் கூடும்.