கடன் அட்டை வெகுமதிப் புள்ளிகளும் பயண மதிப்பும்

கடன் அட்டை வெகுமதிப் புள்ளிகள் என்பவை, கடன் அட்டையில் செலவிடும் தொகைக்கேற்ப அட்டைதாரரின் கணக்கில் வங்கி வரவு வைக்கும் அலகுகள் ஆகும். இவற்றைப் பொருள்களாகவோ, பரிசுச் சீட்டுகளாகவோ, அட்டை நிலுவையில் கழிவாகவோ, விமானம், தொடர்வண்டி, தங்கும் விடுதி ஆகியவற்றின் கட்டணமாகவோ மாற்றிக்கொள்ளலாம். புள்ளி என்பது பணம் அன்று; அதற்கு நிலையான மதிப்பும் கிடையாது. ஒரே புள்ளி ஒரு வழியில் 25 காசும், வேறொரு வழியில் அதைப்போல இரண்டு அல்லது மூன்று மடங்கும் பெறுமானம் தரக்கூடும். எனவே எத்தனை புள்ளிகள் சேர்ந்தன என்பதைவிட, அவை எங்கே, எப்போது, எவ்வாறு செலவிடப்படுகின்றன என்பதே பயனைத் தீர்மானிக்கிறது. ஆனால் இந்தப் பயன் ஒவ்வொரு மாதமும் முழு நிலுவையையும் கட்டிவிடுபவருக்கே கிடைக்கும். நிலுவை வைப்பவர் செலுத்தும் வட்டி, புள்ளிகளின் மதிப்பைவிடப் பல மடங்கு அதிகம்.

வரலாறு

1950-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட டைனர்ஸ் கிளப், பல கடைகளிலும் உணவகங்களிலும் ஏற்கப்பட்ட தொடக்ககால அட்டைகளுள் ஒன்று. அன்று அட்டையின் பயன் கடன் வசதி மட்டுமே. பயண வெகுமதி என்னும் எண்ணம் விமானத் துறையிலிருந்து வந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே 1 அன்று அட்வான்டேஜ் என்னும் திட்டத்தைத் தொடங்கி, பயணிகள் பறந்த தொலைவை மைல்களாகக் கணக்கிட்டு இலவசப் பயணச்சீட்டு வழங்கியது. அதே மாதத்தில் யுனைடெட் ஏர்லைன்சும் இத்தகைய திட்டத்தை அறிவித்தது.

1987-இல் சிட்டி வங்கியும் அமெரிக்கன் ஏர்லைன்சும் இணைந்து ஓர் அட்டையை வெளியிட்டன. விமானத்தில் பறக்காமல், கடையில் பொருள் வாங்கியே மைல் சேர்க்கும் வழி இதனால் பரவியது. 1991-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தன் வெகுமதித் திட்டத்தைத் தொடங்கியது. அதில் சேரும் புள்ளிகளைப் பல விமான நிறுவனங்களின் மைல்களாக மாற்ற முடிந்தது. இன்று இந்தியாவிலும் வங்கிகள் விமான நிறுவனங்கள், விடுதிகள், இந்திய இரயில்வேயின் பயணச்சீட்டு நிறுவனமான ஐஆர்சிடிசி ஆகியவற்றுடன் இணைந்து பலவகை அட்டைகளை வழங்குகின்றன.

புள்ளிகளுக்கான பணம் வரும் வழி

அட்டையில் பணம் பெறும் ஒவ்வொரு கடைக்காரரும் விற்பனைத் தொகையில் ஒரு சிறு விழுக்காட்டைக் கட்டணமாகச் செலுத்துகிறார். அதன் பெரும்பகுதி அட்டை வழங்கிய வங்கிக்குச் செல்கிறது. இந்தக் கட்டணம், ஆண்டுச் சந்தா, நிலுவை வைப்போர் செலுத்தும் வட்டி ஆகிய மூன்றிலிருந்தும் புள்ளிகளுக்கான செலவை வங்கி ஈடுசெய்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015 டிசம்பரில் கடன் அட்டைக்கான இந்தக் கட்டணப் பகுதிக்கு 0.3 விழுக்காடு என உச்சவரம்பு விதித்தது. அமெரிக்காவில் அத்தகைய வரம்பு கடன் அட்டைகளுக்கு இல்லை. அமெரிக்க அட்டைகள் தரும் அளவுக்கு ஐரோப்பிய அட்டைகள் தாராளமாக வெகுமதி தராததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒரு புள்ளியின் மதிப்பைக் கணக்கிடுதல்

புள்ளியின் மதிப்பை அறிய எளிய வாய்பாடு ஒன்று உண்டு. பயணச்சீட்டின் பண விலையிலிருந்து, புள்ளியில் வாங்கினாலும் கையிலிருந்து கட்டவேண்டிய வரிகளையும் கட்டணங்களையும் கழிக்க வேண்டும். மீதியைத் தேவைப்படும் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

கற்பனையான ஓர் எடுத்துக்காட்டு: சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஒருவழிக் கட்டணம் 14,000 ரூபாய் எனக் கொள்வோம். அதே இருக்கைக்கு 12,500 மைல்களும் 2,000 ரூபாய் வரியும் தேவை. 14,000-இலிருந்து 2,000 கழித்தால் 12,000. அதை 12,500-ஆல் வகுத்தால் ஒரு மைலின் மதிப்பு 96 காசு. வங்கி 2 புள்ளிகளுக்கு 1 மைல் தருகிறது என்றால், ஓர் அட்டைப் புள்ளியின் மதிப்பு 48 காசு. 100 ரூபாய் செலவுக்கு 2 புள்ளிகள் கிடைத்தால், செலவில் திரும்பக் கிடைப்பது 0.96 விழுக்காடு.

அதே புள்ளியைப் பரிசுச் சீட்டாக மாற்றினால் 25 காசுதான் கிடைக்கும் எனில், திரும்பக் கிடைப்பது 0.5 விழுக்காடாகக் குறைகிறது. விளம்பரத்தில் காணப்படும் பெரிய புள்ளி எண்ணிக்கையைக் கொண்டு இரண்டு அட்டைகளை ஒப்பிட முடியாது என்பதை இக்கணக்கு காட்டுகிறது. 10 புள்ளிகள் தரும் அட்டையில் ஒரு புள்ளி 20 காசு என்றால், 1 ரூபாய் மதிப்பில் 2 புள்ளிகள் தரும் அட்டையும் அதற்குச் சமமே.

கணக்கில் மற்றொரு கவனமும் தேவை. 80,000 ரூபாய் மதிப்புள்ள உயர்வகுப்பு இருக்கையைப் புள்ளிகளால் பெறும்போது ஒரு புள்ளியின் மதிப்பு மிக உயர்வாகத் தெரியும். ஆனால் பயணி தன் பணத்தில் 15,000 ரூபாய்ச் சாதாரண வகுப்பைத்தான் வாங்கியிருப்பார் என்றால், அவருக்கு மிச்சமானது 15,000 ரூபாயே.

செலவிடும் வழிகள்

பொதுவாகக் காணப்படும் வழிகள் பின்வருமாறு:

• பொருள்களும் பரிசுச் சீட்டுகளும்: எளிதானவை. ஆனால் பெரும்பாலும் குறைந்த மதிப்பையே தருபவை.

• நிலுவையில் கழிவு: பணத்துக்கு நிகரான வசதி உண்டு. மதிப்பு அட்டைக்கு அட்டை மாறும்.

• வங்கியின் பயணத் தளம்: ஒரு புள்ளிக்கு இத்தனை காசு என முன்பே அறிவிக்கப்பட்டிருக்கும். எந்த விமானத்திலும் இடம் பெறலாம். அத்தளத்தில் உள்ள கட்டணம் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தைவிடக் கூடுதலாக உள்ளதா என ஒப்பிட வேண்டும்.

• தொடர்வண்டிப் பயணம்: எஸ்பிஐ கார்டும் ஐஆர்சிடிசியும் இணைந்து வழங்கும் அட்டைகளில் ஒரு புள்ளி ஒரு ரூபாயாகக் கொள்ளப்பட்டு, ஐஆர்சிடிசி தளத்தில் பயணச்சீட்டு பெறலாம். ஊருக்கு அடிக்கடி தொடர்வண்டியில் சென்று வரும் குடும்பத்துக்கு, எட்டாத விமான மைலைவிட இத்தகைய நிலையான மதிப்பு பயனுள்ளதாக இருக்கலாம்.

• விமானம், விடுதித் திட்டங்களுக்கு மாற்றுதல்: முயற்சி அதிகம் தேவை. உயர்ந்த மதிப்பு கிடைக்கும் வாய்ப்பும் இதில்தான் உள்ளது.

விமானத் திட்டங்களுக்கு மாற்றுதல்

விமான நிறுவனங்கள் கூட்டணிகளாக இயங்குகின்றன. ஸ்டார் அலையன்ஸ் 1997-இலும், ஒன்வேர்ல்டு 1999-இலும், ஸ்கைடீம் 2000-இலும் தொடங்கப்பட்டன. ஏர் இந்தியா 2014 ஜூலையில் ஸ்டார் அலையன்சில் இணைந்தது. ஒரு கூட்டணி நிறுவனத்தின் மைல்களைக் கொண்டு மற்றொரு நிறுவனத்தின் விமானத்தில் இடம் பெறலாம். ஆகவே ஏர் இந்தியாவின் ஓர் இருக்கையை அதன் மகாராஜா கிளப் புள்ளிகளாலும் பெறலாம். சிங்கப்பூர் ஏர்லைன்சின் கிரிஸ்பிளையர் மைல்களாலும் பெறலாம். இரண்டிலும் கேட்கப்படும் எண்ணிக்கையும் கட்டணமும் வேறுபடும். சேர்த்த புள்ளியை எந்தத் திட்டத்துக்கு அனுப்புவது என்பதை இந்த வேறுபாட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை:

• பெரும்பாலான திட்டங்களில் ஒருமுறை மாற்றிய புள்ளிகளைத் திரும்பப் பெற முடியாது. எனவே வேண்டிய நாளில் வெகுமதி இருக்கை உள்ளதா என முதலில் பார்த்து, பிறகே மாற்ற வேண்டும்.

• மாற்றம் உடனே நடக்கலாம்; சில நாள்களும் ஆகலாம். அதற்குள் இருக்கை போய்விடக்கூடும்.

• சில நிறுவனங்கள் வெகுமதிச் சீட்டுக்கும் எரிபொருள் கூடுதல் கட்டணம் வசூலிக்கின்றன. மைல் குறைவாகத் தோன்றும் சீட்டு, கட்டணத்தைச் சேர்த்தால் விலை மிகுந்ததாகலாம்.

• பள்ளி விடுமுறை, தீபாவளி, பொங்கல் காலங்களில் வெகுமதி இருக்கைகள் அரிது. பயண நாளை ஓரிரு நாள் முன்பின் மாற்ற முடிந்தவருக்கே நல்ல மதிப்பு கிடைக்கும்.

விடுதிகளிலும் இத்தகைய விதிகள் உண்டு. மேரியட் திட்டத்தில் புள்ளிகளைக் கொண்டு தொடர்ந்து 5 இரவுகள் தங்கினால் 4 இரவுகளுக்கான புள்ளிகளே கழிக்கப்படும்.

புள்ளி சேர்த்தலும் அதன் வரம்புகளும்

புதிய அட்டைக்கான வரவேற்புப் புள்ளிகளே பலருக்கு மிகப் பெரிய வரவாக அமைகின்றன. அவற்றைப் பெறக் குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட தொகையைச் செலவிட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். திட்டமிட்ட கல்விக் கட்டணம், காப்பீட்டுத் தவணை போன்றவை அதற்கு உதவும். நிபந்தனைக்காகவே தேவையற்ற பொருளை வாங்கினால், ஆதாயம் இழப்பாகும். எரிபொருள், வீட்டு வாடகை, மின்பணப்பைக்குப் பணம் ஏற்றுதல், தவணைமுறைக் கொள்முதல் முதலியவற்றுக்குப் பல அட்டைகளில் புள்ளிகள் இல்லை, அல்லது மாத வரம்பு உண்டு.

இத்தகைய வரம்புகள் அனுபவத்தால் வந்தவை. அமெரிக்க நாணயச் சாலை 1 டாலர் நாணயங்களை முகமதிப்பிலேயே, அனுப்பும் செலவின்றி விற்றபோது, சிலர் கடன் அட்டையில் அவற்றை வாங்கி நேராக வங்கியில் செலுத்தி, மைல்களை மட்டும் சேர்த்துக்கொண்டனர். 2011-இல் அத்திட்டத்தில் கடன் அட்டை ஏற்பது நிறுத்தப்பட்டது.

ஆதாயத்தை விழுங்கும் செலவுகள்

வட்டி: இந்தியக் கடன் அட்டைகளில் வட்டி மாதம் 3.5 விழுக்காடு அளவில் இருப்பது இயல்பு. 50,000 ரூபாய் நிலுவைக்கு ஒரு மாத வட்டி 1,750 ரூபாய். அதன்மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி 315 ரூபாய். மொத்தம் 2,065 ரூபாய். மேற்கண்ட எடுத்துக்காட்டின்படி 50,000 ரூபாய்ச் செலவுக்குக் கிடைக்கும் 1,000 புள்ளிகளின் மதிப்பு 480 ரூபாய். ஒரு மாத வட்டியே புள்ளிகளின் மதிப்பைப் போல நான்கு மடங்குக்கு மேல் ஆகிறது. குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் தாமதக் கட்டணம் மட்டுமே தவிர்க்கப்படும், வட்டி நிற்காது. நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்குவனவற்றுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படும்.

ஆண்டுச் சந்தா: 5,000 ரூபாய்ச் சந்தாவுக்கு வரியுடன் 5,900 ரூபாய் ஆகும். ஒரு புள்ளி 48 காசு என்றால், சந்தாவை ஈடுகட்டவே ஏறத்தாழ 12,300 புள்ளிகள் வேண்டும். அதாவது 6 லட்சத்துக்கு மேற்பட்ட செலவு.

அயல்நாட்டுச் செலவு: பல அட்டைகள் அயல்நாட்டு நாணயச் செலவுக்கு 3.5 விழுக்காடு வரை கட்டணம் வசூலிக்கின்றன. வரியுடன் இது 4.13 விழுக்காடு. புள்ளிகளில் ஒரு விழுக்காடு திரும்பினாலும் நிகர இழப்பே. அயல்நாட்டுக் கடையில் ரூபாயிலா, உள்ளூர் நாணயத்திலா எனக் கேட்டால் உள்ளூர் நாணயத்தைத் தேர்வது நல்லது. ரூபாய் மாற்றத்தில் பெரும்பாலும் கூடுதல் விலை வைக்கப்படும்.

மதிப்புக் குறைதலும் காலாவதியும்

வங்கி வைப்புத் தொகைக்கு வட்டி உண்டு, புள்ளிக்கு இல்லை. மாறாக, அதன் மதிப்பு காலப்போக்கில் குறைகிறது. டெல்டா ஏர்லைன்ஸ் 2015-இலும், யுனைடெட் 2019-இலும் நிலையான வெகுமதிப் பட்டியலைக் கைவிட்டு, தேவைக்கேற்ப மாறும் மைல் விலைக்கு மாறின. கிரிஸ்பிளையர் மைல்கள் 3 ஆண்டுகளில் காலாவதியாகின்றன.

நிறுவனமே நின்றுபோவதும் உண்டு. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்தியபோது, அதன் விமானங்களுக்காக மைல் சேர்த்தவர்களால் எண்ணிய பயணத்தை மேற்கொள்ள முடியவில்லை. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவுடன் இணைந்தபோது அதன் உறுப்பினர்களின் புள்ளிகள் புதிய நிறுவனத்தின் திட்டத்துக்கு மாற்றப்பட்டன. ஆகவே பயணத் திட்டம் ஒன்றை மனத்தில் வைத்துச் சேர்ப்பதும், போதிய அளவு சேர்ந்ததும் செலவிடுவதும் பாதுகாப்பான வழக்கம். அட்டையை மூடும் முன் மீதிப் புள்ளிகளைப் பயன்படுத்திவிட வேண்டும்.

மோசடிகள்

புள்ளிகள் இன்றே காலாவதியாகின்றன என அச்சுறுத்தி, ஓர் இணைப்பை அழுத்தச் சொல்லும் குறுஞ்செய்திகள் பரவலான மோசடி வகை ஆகும். போலித் தளத்தில் அட்டை எண்ணும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் பெறப்பட்டுப் பணம் எடுக்கப்படுகிறது. புள்ளி நிலவரத்தை வங்கியின் செயலியிலோ தளத்திலோ நேரடியாகப் பார்ப்பதே முறை. பணம் இழந்தவர்கள் இந்திய அரசின் இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ உடனே அழைக்கலாம்.

விமர்சனங்கள்

கடைக்காரர் செலுத்தும் கட்டணம் பொருள்களின் விலையில் சேர்வதால், ரொக்கம் கொடுத்து வாங்குபவரும் பிறருடைய புள்ளிகளுக்குப் பணம் தருகிறார் என்பது முதன்மையான விமர்சனம். பாஸ்டன் பெடரல் ரிசர்வ் வங்கியின் 2010-ஆம் ஆண்டு ஆய்வு, அமெரிக்காவில் ரொக்கம் பயன்படுத்தும் குடும்பம் ஆண்டுக்குச் சராசரியாக 149 டாலர் இழப்பதாகவும், அட்டை பயன்படுத்தும் குடும்பம் 1,133 டாலர் பெறுவதாகவும் மதிப்பிட்டது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2024 செப்டம்பரில் நான்கு பெரிய விமான நிறுவனங்களின் வெகுமதித் திட்டங்களைப் பற்றி விசாரணை தொடங்கி, மதிப்புக் குறைப்பு, மறைமுகக் கட்டணம் ஆகியவற்றுக்கு விளக்கம் கேட்டது. ஒருவர் பெறும் இலவசப் பயணத்தின் செலவில் ஒரு பகுதியை, நிலுவைக்கு வட்டி கட்டும் மற்றோர் அட்டைதாரர் ஏற்கிறார் என்பதும் இத்திட்டங்கள் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டு ஆகும்.