'நைஸ்' கடந்து வந்த பாதை

ஆங்கிலக் கட்டுரை ஏடுகளைத் திருத்தும்போது நான் மிகுதியாகக் காணும் சொல் 'நைஸ்'. ஊரும் நைஸ், உணவும் நைஸ், நண்பனும் நைஸ்! இலக்கணப்படி பிழையில்லை. ஆனால், மாணவர் கண்டது என்ன, உணர்ந்தது என்ன என்பது நமக்குத் தெரியாமலே போகிறது. இச்சொல்லின் வரலாற்றைக் கற்பிப்பதே இதற்கு நல்ல மருந்து என்பது என் வகுப்பறை அனுபவம்.

இலத்தீனில் 'ஸ்கீரே' என்றால் அறிதல். 'சயின்ஸ்' என்ற சொல்லுக்கும் இதுவே வேர். அதன்முன் இன்மையைக் குறிக்கும் 'நெ' சேர்ந்து 'நெஸ்கியஸ்', அதாவது 'அறியாத' என்றானது. பழைய பிரெஞ்சு வழியாக ஏறத்தாழ 1300இல் ஆங்கிலத்துக்கு வந்தபோது 'நைஸ்' என்றால் 'முட்டாள்தனமான' என்று பொருள்! பின்னர், 'அளவுக்கு மீறி நுணுக்கம் பார்க்கும்', 'மென்மையான' என்று மாறியது. 16ஆம் நூற்றாண்டில் 'துல்லியமான' என்றும், 18ஆம் நூற்றாண்டில் 'இனிமையான' என்றும் பொருள் பெற்றது. 'எ நைஸ் டிஸ்டிங்ஷன்' என்றால் இன்றும் 'நுட்பமான வேறுபாடு' என்றே பொருள்.

எதற்கெடுத்தாலும் 'நைஸ்' என்பது நம் மாணவரின் வழக்கம் மட்டுமன்று. 1817 இறுதியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபி' நாவலிலேயே ஒரு கதைமாந்தர் இதைக் கேலி செய்கிறார்.

நம் பேச்சிலும் 'மாவை நைஸாக அரை', 'நைஸாக நழுவினான்' என்கிறோம். இங்கே இனிமை இல்லை. நுண்மையும் சாமர்த்தியமுமே உள்ளன.

தமிழில் இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு 'நாற்றம்'. முன்பு நறுமணத்தையும் குறித்த சொல், இன்று தீய வாடையை மட்டுமே குறிக்கிறது. 'நைஸ்' உயர்ந்தது, 'நாற்றம்' தாழ்ந்தது. இரண்டையும் அருகருகே கரும்பலகையில் எழுதினால், சொற்கள் காலந்தோறும் பொருள் மாறும் என்பது ஆறாம் வகுப்பு மாணவருக்கும் எளிதில் விளங்கும்.

அடுத்து ஒரு சிறு செயல்பாடு. 'நைஸ்' என்ற சொல்லை நான் அடிப்பதில்லை. அதன் கீழே கோடிட்டு, 'எப்படி நைஸ்?' என்று கேட்கிறேன். உணவுக்கு 'டேஸ்டி', மனிதருக்கு 'கைண்ட்', காற்றுக்கு 'கூல்' என்று மாணவர்களே பட்டியல் தயாரிக்கிறார்கள். 'என் பாட்டி நைஸ்' என்று எழுதிய மாணவி ஒருவர், அதை மாற்றி, 'என் பாட்டி தன் தட்டிலிருக்கும் மீன் துண்டை எனக்குத் தந்துவிடுவார்' என்று எளிய ஆங்கிலத்தில் எழுதினார். 'நைஸ்' என்ற சொல்லே அதில் தேவைப்படவில்லை.

தங்கள் வகுப்பிலும் இதனை முயன்று பாருங்கள்.